பிள்ளை பெற்ற வீட்டில் தாயைக் கவனிப்பது யார்?
வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்கள்

குழந்தை பிறந்த பிறகு வீட்டில் எழும் சிக்கல்களைப் பற்றி வந்த கடிதங்களில் ஐந்தை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிக் கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

"என் மகளுக்குத் தலைப்பிரசவம். அறுவை சிகிச்சையில் ஆண் குழந்தை பிறந்து 9 நாள் ஆகிறது. தாயும் சேயும் நலம் என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் விளக்கு வைக்கும் நேரமானால் மகள் அழத் தொடங்கிவிடுகிறாள். ஏன் என்று கேட்டால், 'தெரியலம்மா' என்கிறாள். கண் பட்டிருக்கிறது என்கிறார்கள் சிலர். என் நாத்தனாரோ, 'பச்சை உடம்புக்காரி அழுதால் பால் வற்றிவிடும்' என்று அவளைக் கடிந்துகொண்டார். நான் என்ன செய்ய வேண்டும்?"
– ஒரு தாய், கோவில்பட்டி

அம்மா, முதலில் உங்கள் மகளை யாரும் கடிந்துகொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிரசவமான இரண்டு, மூன்று நாட்களில் தொடங்கும் இந்த அழுகையும், எரிச்சலும், படபடப்பும் பிள்ளை பெற்ற பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வருகின்றன. கர்ப்ப காலம் முழுவதும் ஏறிக்கொண்டே வந்த ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்ட்ரோன் ஆகிய ஹார்மோன்கள் நஞ்சுக்கொடி வெளியேறியதும் சில நாட்களுக்குள் மளமளவென்று இறங்கிவிடுகின்றன. அதோடு தூக்கமின்மையும், தையல் போட்ட இடத்து வலியும், பால் கட்டிக்கொள்ளும் வேதனையும் சேர்ந்துகொள்ளும்போது, எவ்வளவு மன உறுதி உள்ள பெண்ணுக்கும் கண் கலங்கும். 'தெரியலம்மா' என்று அவள் சொல்வது உண்மை. அவள் எதையும் மறைக்கவில்லை. பெரும்பாலும் இது இரண்டு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். அழுவதால் பால் வற்றாது. மிகுந்த உளைச்சலிலும் வலியிலும் பால் இறங்குவது சற்றுத் தாமதப்படலாம். குழந்தையை அடிக்கடி மார்பில் போட்டால் அது சரியாகிவிடும்.

இந்த நாட்களில் நீங்கள் செய்யக்கூடியவை எளியவைதான். மருத்துவர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரையை வலி முற்றும்வரை காத்திராமல் வேளைக்குக் கொடுங்கள். பாயில் படுக்க வைக்காதீர்கள். வயிற்றில் தையல் உள்ளவர் தரையிலிருந்து எழுவது பெரும் பாடு. கட்டிலில் படுத்து, எழும்போது பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி எழட்டும். தமிழ்நாட்டில் 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நூற்றுக்கு 45 பிரசவங்கள் அறுவை சிகிச்சையில்தான் நடக்கின்றன. அது இவ்வளவு சாதாரணமாகிவிட்டதாலேயே, அது வயிற்றைத் திறந்து செய்யும் பெரிய அறுவை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். வேறு எந்த அறுவை சிகிச்சை ஆனாலும் நோயாளியை ஓய்வெடுக்கச் சொல்லும் குடும்பங்கள், இதற்கு மட்டும் அன்றிரவே இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து பாலூட்டும் பொறுப்பைக் கொடுக்கின்றன. பாலூட்டுவதை அவளிடமிருந்து வாங்கிக்கொள்ள முடியாது என்றாலும், துணி மாற்றுவதையும், ஏப்பம் விட வைப்பதையும், தோளில் போட்டுத் தூங்க வைப்பதையும் நீங்கள் வாங்கிக்கொள்ளலாம்.

நாட்களையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கடந்த பிறகும் அழுகை குறையாமல் இருப்பது, குழந்தை நன்றாகத் தூங்கும் வேளையிலும் அவளுக்குத் தூக்கம் வராமல் இருப்பது, சாப்பாட்டிலும் பேச்சிலும் குழந்தையிலும் நாட்டம் விட்டுப்போவது, 'நான் நல்ல அம்மா இல்லை' என்று திரும்பத் திரும்பச் சொல்வது ஆகியவை பேறுகால மனச்சோர்வின் அடையாளங்கள். அப்போது மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். இரத்தசோகையும், பிரசவத்துக்குப் பின் சிலருக்கு வரும் தைராய்டு கோளாறும் இதே போன்ற சோர்வைத் தரும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் செய்துவிடுவது நல்லது.

ஆயிரத்தில் ஓரிருவருக்கு வரும் வேறொரு நிலையையும் சொல்லியாக வேண்டும். பிரசவமான முதல் சில வாரங்களுக்குள், இரவு முழுவதும் தூங்காமல் களைப்பே இல்லாதவர் போல நடமாடுவது, தொடர்பில்லாமல் பேசுவது, குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று சந்தேகப்படுவது, காதில் குரல் கேட்கிறது என்பது போன்ற மாற்றங்கள் திடீரென்று தோன்றினால் அது அவசர நிலை. மந்திரிக்கவோ தாயத்துக் கட்டவோ ஒரு நாளைக்கூடச் செலவிட வேண்டாம். தாயையும் குழந்தையையும் தனியே விடாமல், அன்றே மனநலப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். முறையாக மருத்துவம் பார்த்தால் பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைகிறார்கள்.

"என் மருமகளுக்குப் பிரசவமாகி 15 நாள் ஆகிறது. தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு பெருத்துவிடும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று எங்கள் வீட்டில் அளந்துதான் கொடுப்போம். காய்கறி, பழம் எதுவும் கிடையாது. மருமகள் முகம் சுளிக்கிறாள். பத்தியம் தவறா?"
– ஒரு மாமியார், அருப்புக்கோட்டை

பத்தியத்தில் நல்லதும் இருக்கிறது. பூண்டும், பால்சுறாப் புட்டும், சூடான இரசமும், லேகியமும் மருமகளுக்குப் பிடித்திருந்தால் தாராளமாகக் கொடுங்கள். அவளுக்காக ஒருவர் தனியாக அடுப்பு மூட்டிச் சமைக்கிறார் என்பதே பெரிய ஆறுதல்.

ஆனால் தண்ணீரை அளப்பதை இன்றே விட்டுவிடுங்கள். பால் கொடுக்கும் பெண்ணுக்கு எப்போதையும் விட அதிகமாகத் தாகம் எடுக்கும். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கலும், சிறுநீர்த் தொற்றும், தலைவலியும் வரும். தாய் குடிக்கும் தண்ணீரால் குழந்தைக்குச் சளி பிடிக்காது. கீரை, காய், பழம், பருப்பு, முட்டை அல்லது மீன் தினமும் தட்டில் இருக்க வேண்டும். முதல் ஆறு மாதத்தில் நாளொன்றுக்கு வழக்கத்தைவிட ஏறத்தாழ 600 கலோரி கூடுதலாக அவளுக்குத் தேவை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதால், பிரசவத்துக்குப் பிறகு 180 நாட்களுக்கு இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் கொடுக்கப்படுகின்றன. 'சூடு' என்று சொல்லி அவற்றை நிறுத்திவிடாதீர்கள். என்ன சாப்பிட ஆசைப்படுகிறாள் என்று அவளிடமே கேட்டுச் சமையுங்கள். அவள் முகம் சுளிப்பது நின்றுவிடும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

"நான் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். மனைவியும் இரண்டு மாதக் குழந்தையும் மதுரைப் பக்கம் மாமியார் வீட்டில் இருக்கிறார்கள். வார விடுமுறையில் போகிறேன். விருந்தாளியைப் போலச் சாப்பாடு போடுகிறார்கள். குழந்தையைத் தூக்கினால், 'உங்களுக்குப் பழக்கமில்ல மாப்பிள்ளை' என்று வாங்கிக்கொள்கிறார்கள். அடுத்த மாதம் இருவரும் இங்கே வருகிறார்கள். உதவிக்கு வேறு யாரும் இல்லை. மனைவி முன்போல் என்னிடம் பேசுவதில்லை. எனக்கும் எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறது. இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது."
– ஒரு தந்தை, சென்னை புறநகர்

தம்பி, கூச்சப்படாமல் எழுதியது மிகவும் நல்லது. குழந்தை பிறந்த முதல் ஆண்டில் தந்தையரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருவதாகப் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். மூன்றாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில் அது கூடுதலாகத் தென்படுகிறது. ஆண்களிடம் அது அழுகையாக வெளிப்படாமல், எரிச்சலாக, குடியாக, வீட்டுக்கு வராமல் கூடுதல் ஷிப்ட் கேட்டு வாங்குவதாக வெளிப்படலாம் என்பதால், 'பொறுப்பில்லாதவன்' என்ற பெயரோடு அது கவனிக்கப்படாமலே போய்விடுகிறது. உங்கள் பிடிப்பின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுவதும் நீடித்தால் நீங்களும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போகும் நம் வழக்கம் பெண்ணுக்குப் பெரிய பாதுகாப்பு. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கணவன் கைக்குழந்தையோடு பழகிக்கொள்ள வேண்டிய மாதங்களில்தான் அவனை அது வாசலில் நிறுத்திவிடுகிறது. குளிப்பாட்டவும் தூங்க வைக்கவும் மாமியாருக்கு மட்டும் பிறவியிலேயே தெரிந்திருக்கவில்லை; செய்து செய்துதான் பழகினார். எனவே அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, "அத்தை, அடுத்த மாசம் அங்க நான்தான் இதெல்லாம் செய்யணும், நீங்க பக்கத்துல நின்னு சொல்லிக் கொடுங்க" என்று கேளுங்கள். அப்படிக் கேட்கும் மருமகனை எந்த மாமியாரும் தட்டமாட்டார். கழுத்தைத் தாங்கித் தூக்குவது, பால் குடித்ததும் தோளில் போட்டு முதுகைத் தடவி ஏப்பம் விட வைப்பது, மலம் கழித்தால் கழுவித் துடைத்துத் துணி மாற்றுவது, பாலாடையில் சிறிது சிறிதாகப் புகட்டுவது என்ற இந்த நான்கும் கைக்கு வந்துவிட்டால் போதும்.

அவர்கள் வந்த பிறகு இரவை எப்படிப் பங்கிடுவது என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். மனைவிக்கு ஒரே மூச்சில் நான்கைந்து மணி நேரத் தூக்கம் கிடைப்பதற்கு ஈடான மருந்து வேறில்லை. இப்படிச் செய்து பாருங்கள். இரவு ஒன்பது மணிக்குப் பால் கொடுத்ததும் அவர் வேறு அறையில் போய்ப் படுக்கட்டும். அதற்குப் பிறகு இரண்டு மணி வரை குழந்தை உங்கள் பொறுப்பு. நடுவில் பசித்து அழுதால், முன்பே பீய்ச்சி மூடிவைத்த தாய்ப்பாலைச் சுத்தமான பாலாடையில் கொடுங்கள். பீய்ச்சிய பால் அறை வெப்பத்தில் சுமார் 4 மணி நேரம் கெடாமல் இருக்கும். நம் ஊர் வெயிலுக்குக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதே நல்லது. கொடுக்கும் முன் பாத்திரத்தைச் சுடுநீரில் வைத்து வெதுவெதுப்பாக்குங்கள்; அடுப்பில் ஏற்றிக் காய்ச்ச வேண்டாம். உங்களுக்கு இரவு ஷிப்ட் வரும் வாரத்தில் இதே ஐந்து மணி நேரத்தைப் பகலில் கொடுங்கள்.

வேலைகளைப் பொறுத்தவரை, 'நான் என்ன உதவி செய்யட்டும்' என்று கேட்டு நிற்பதைவிட, சிலவற்றை முழுவதுமாக உங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நினைவில் வைத்துக்கொள்வதும் ஒரு வேலைதான். குழந்தையின் துணி துவைப்பது என்று ஏற்றுக்கொண்டால், சோப்பு தீர்ந்ததை அறிவதும் மழை வந்தால் எடுப்பதும் உங்களுடையவை. 14ஆம் வாரத் தடுப்பூசித் தேதியை நினைவில் வைத்து அழைத்துச் செல்வதையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். அன்று குழந்தையின் எடையைப் பார்த்த கையோடு, "இவளுக்கும் கொஞ்சம் பாருங்கள், சரியாகத் தூங்குவதில்லை, பேச்சும் குறைந்துவிட்டது" என்று செவிலியரிடமோ மருத்துவரிடமோ சொல்லுங்கள். தாய்மார்கள் தமக்காகத் தனியே மருத்துவமனைக்கு வருவதில்லை. தடுப்பூசி நாளை விட்டால் யாரும் அவர்களைப் பார்ப்பதேயில்லை.

மனைவி பேசாமல் இருப்பது உங்கள் மீதுள்ள கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 'குழந்தை தூங்குதா, பால் குடிச்சானா' என்று மட்டுமே போனில் கேட்டுப் பழகியிருப்பீர்கள். 'நீ இன்னிக்கு என்ன சாப்பிட்ட, எவ்வளவு நேரம் தூங்கின, எது கஷ்டமா இருக்கு' என்று கேளுங்கள். பதில் வந்தால் தீர்வு சொல்லப் போகாமல் முழுவதும் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கைக்குழந்தையின் அழுகை ஆறாம் வாரம் வரை கூடிக்கொண்டே போய், மூன்று நான்கு மாதத்தில் குறையும். என்ன செய்தும் நிற்காத அழுகையைக் கேட்டுக் கேட்டுத் தலைக்குக் கோபம் ஏறுவது உங்களுக்கும் நேரலாம், மனைவிக்கும் நேரலாம். அந்த நேரத்தில் குழந்தையை மல்லாக்கப் பத்திரமான இடத்தில் படுக்க வைத்துவிட்டு, கதவருகே போய் நின்று மூச்சைச் சீராக்கிக்கொள்ளுங்கள். சில நிமிடம் அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. கோபத்தில் பிடித்துக் குலுக்கினால் மூளையில் இரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

"எனக்கு இரண்டாவதும் பெண் குழந்தை, ஐந்து மாதம் ஆகிறது. பிறந்த அன்றிலிருந்து மாமியார் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மா வீட்டிலும் முடியாது என்று ஒரு மாதத்தில் அனுப்பிவிட்டார்கள். எல்லா வேலையும் நான்தான். குழந்தையைப் பார்த்தால் பாசம் வரவில்லை, பயம்தான் வருகிறது. நான் இல்லாமல் போனால் குழந்தைகளை வேறு யாராவது நன்றாக வளர்ப்பார்கள் என்று தோன்றுகிறது. மாத்திரை சாப்பிட்டால் பால் கெட்டுவிடும் என்பதால் மருத்துவரிடம் போகவில்லை."
– ஒரு வாசகி, திருப்பூர்

சகோதரி, இந்த இதழ் உங்கள் கைக்கு வந்ததும் தள்ளிப்போடாமல் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் அது. நாள் முழுவதும், கட்டணம் இல்லாமல், தமிழிலேயே பேசலாம். 'நான் இல்லாமல் போனால்' என்று உங்களுக்குத் தோன்றுவதை எனக்கு எழுதிய அதே வார்த்தைகளில் அவர்களிடம் சொல்லுங்கள். அந்த எண்ணம் வலுக்கும் நேரத்தில் தனியே இருக்க வேண்டாம். கணவரையோ பக்கத்து வீட்டாரையோ கூப்பிட்டு உடன் இருக்கச் சொல்லுங்கள். 108ஐ அழைக்கவும் தயங்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு.

உங்களுக்கு வந்திருப்பது நோய். பாசம் வராததும் அந்த நோயின் அறிகுறியே. அது உங்கள் குணத்தில் உள்ள குறை என்று எண்ண வேண்டாம். வேலூர் மாவட்டம் கணியம்பாடிப் பகுதியின் கிராமப்புறப் பெண்களை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், பிரசவத்துக்குப் பின் 11 விழுக்காட்டினருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. அதற்கு இட்டுச்சென்றவையாக அவர்கள் கண்டவற்றுள், ஆண் குழந்தையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்ததும், மாமியாரோடும் பெற்றோரோடும் உள்ள மனத்தாங்கலும், கையுதவி இல்லாததும், வருமானக் குறைவும் இருந்தன. உங்கள் கடிதத்தோடு அந்தப் பட்டியலை ஒப்பிட்டுப் பாருங்கள். உங்களைச் சுற்றியிருந்தவர்கள் செய்ததும் செய்யத் தவறியதும் உங்கள் உடம்பில் நோயாக இறங்கியிருக்கிறது. குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தந்தையின் விந்தணு என்பதை உங்கள் வீட்டார் அறியாதவர்களாக இருக்க முடியாது; அறிந்தும் உங்களைத் தண்டிப்பது அநியாயம். இதை அவர்கள் படிக்க நேர்ந்தால் என் வருத்தத்தையும் சேர்த்துப் படிக்கட்டும்.

மருத்துவரிடம் போனால் பெரும்பாலும் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுப்பார். எடின்பரோ அளவுகோல் எனப்படும் அது 1987இல் உருவாக்கப்பட்டது, தமிழிலும் இருக்கிறது. கடந்த ஏழு நாட்களில் சிரிக்க முடிந்ததா, காரணமின்றிப் பயந்தீர்களா, தூங்க முடிந்ததா என்று கேட்டு, பத்தாவது கேள்வியில் உங்களுக்கு நீங்களே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்று கேட்கும். அதற்கு ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள். அந்த ஒரு கேள்விக்கு 'ஆம்' என்றாலே உங்களை உடனே கவனிக்க வேண்டும் என்பது மருத்துவருக்குத் தெரியும்.

மாத்திரையால் பால் கெட்டுவிடாது. பாலூட்டும் தாய்மார்களுக்கென்றே தேர்ந்துகொடுக்கும் மருந்துகள் இருக்கின்றன. செர்ட்ராலின் போன்றவை தாய்ப்பாலில் மிகமிகக் குறைந்த அளவே கலக்கின்றன. பாலூட்டுவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம் என்பதால், இடையில் 'ஒன்றும் மாறவில்லை' என்று நிறுத்தாதீர்கள். மருந்தோடு மனநல ஆலோசனையும் சேர்ந்தால் பலன் கூடும். நிலைமை கடுமையானால் தாயையும் சேயையும் பிரிக்காமல் ஒன்றாகவே சேர்த்துச் சிகிச்சை அளிக்கும் பிரிவு பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2009 முதல் இயங்குகிறது. முதல் முறை போகும்போது கணவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள். இது நோய் என்பதை உங்கள் வாயால் கேட்பதைவிட மருத்துவர் வாயால் கேட்கும்போது பல கணவர்களுக்கு எளிதில் புரிகிறது. அப்படி இருக்கக் கூடாதுதான், ஆனால் இப்போது உங்களுக்கு வேண்டியது ஆள்துணை.

"என்னோடு வேலை செய்யும் பெண்ணுக்குக் குழந்தை பிறந்து மூன்று வாரம் ஆகிறது. நாங்கள் ஆறு பேர் சேர்ந்து பார்க்கப் போகிறோம். என்ன வாங்கிக்கொண்டு போகலாம்?"
– ஒரு வாசகி, சேலம்

ஆறு பேரும் ஒரே நாளில் போக வேண்டாம். இருவர் இருவராக, முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, அரை மணி நேரத்துக்கு மேல் இருக்காமல் போய் வாருங்கள். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் போகவே கூடாது. குழந்தைக்குச் சட்டைகள் ஏற்கெனவே குவிந்திருக்கும். மூன்று அடுக்குத் தூக்குப் பாத்திரத்தில் அன்றைய மதியச் சாப்பாட்டைக் கொண்டு போங்கள். பாத்திரத்தைக் கழுவித் தரச் சொல்லாமல் அப்படியே வாங்கி வாருங்கள். காப்பி போட அவரை எழ விடாதீர்கள்.

சேனை வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ குழந்தையின் நாக்கில் தடவ வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், ஒரு வயது முடியும் வரை தேன் ஆபத்து. 'பால் பத்துதா? பிள்ளை இளைச்சிருக்கே' என்ற பேச்சை யாரும் எடுக்காதீர்கள். பிறந்தபோது இருந்த எடையில் சிறிது குறைந்து இரண்டு வாரத்துக்குள் மீண்டும் ஏறுவது எல்லாக் குழந்தைக்கும் இயல்பு. நாளுக்கு ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் கழித்து எடையும் ஏறினால் பால் போதுமானதாக இருக்கிறது என்று பொருள். போனதும் எல்லோரும் தொட்டிலை நோக்கி நடப்பார்கள். நீங்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். அடுத்த வாரம் எந்தக் கிழமை சாப்பாடு கொண்டு வரட்டும் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள்.